ஆயிரம் வெள்ளி அனுப்பினால் அம்மா கையில் எவ்வளவு?

சிங்கப்பூருக்கு வந்த இரண்டாம் மாதம், முதல்முறையாக ஊருக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினேன். கைப்பேசியில் பார்த்தபோது ஒரு வெள்ளி 60 ரூபாய் என்று காட்டியது. அம்மாவிடம், "அறுபதாயிரம் வரும், அதில் தங்கச்சிக்கு காலேஜ் பீஸ் 42,000 கட்டிவிடுங்கள், மீதி வீட்டுக்கடன் தவணைக்குச் சரியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். கணக்கில் விழுந்தது 57,813 ரூபாய் 75 காசு. பீஸ் கட்டிய பிறகு 15,813 ரூபாய்தான் மீதி. தவணை 16,500. பிடிக்க வந்த வங்கிக்குப் பணம் போதவில்லை, தவணை திரும்பிவிட்டது. சேமிப்புக் கணக்கு வங்கி ஒரு 590, கடன் கொடுத்த நிறுவனம் ஒரு 590 என்று இரண்டு பக்கமும் அபராதம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணிலும் ஒரு கறை.

ஏறத்தாழ 690 ரூபாய் குறைந்ததற்கு இவ்வளவு. அம்மா என்னைத் திட்டவில்லை, "நீ குறைச்சு அனுப்பினியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அது திட்டியதைவிட மோசம்.

அதன் பிறகு அந்தப் பணம் எங்கெங்கே கசிந்தது என்று ரசீதுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு உதவும். இதில் வரும் நாணய விலைகள் கணக்குக்காக மட்டுமே. நீங்கள் அனுப்பும் நாளின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் கடைக்காரர்கள் அந்த எண்ணை மட்டும் சிறியதாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இது: "நான் இங்கே மொத்தமாக இத்தனை வெள்ளி கொடுத்தால், ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? நடுவில் வேறு யாராவது பிடிப்பார்களா?"

பதில் கிடைத்ததும் ஒரு வகுத்தல் போடுங்கள். விழும் ரூபாயை நீங்கள் கொடுக்கும் மொத்த வெள்ளியால் வகுத்தால் வருவதுதான் உண்மை விலை. என் விஷயத்தில் வங்கி என் கணக்கிலிருந்து 1,000 வெள்ளியோடு, தந்திக் கட்டணமும் கமிஷனுமாகத் தனியாக 30 வெள்ளி எடுத்திருந்தது. 57,813.75 வகுத்தல் 1,030. அதாவது 56 ரூபாய் 13 காசு. அறுபது என்று நான் நம்பிய விலை அது.

"கட்டணமே இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்காதீர்கள், அதே நேரம் அதை ஒதுக்கவும் வேண்டாம். கட்டணம் இல்லாத இடம் 59.20 ரூபாய் விலை தருகிறது, 5 வெள்ளி கட்டணம் கேட்கும் இடம் 59.75 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 1,000 வெள்ளி இருந்தால் முதல் இடத்தில் 59,200 ரூபாய்; இரண்டாவதில் கட்டணம் போக 995 வெள்ளிக்கு 59,451 ரூபாய். கட்டணம் கேட்டவரே மேல். இதே 200 வெள்ளிக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் இடத்தில் 11,840, இரண்டாவதில் 11,651. இப்போது இலவசக்காரர் மேல். இந்த இரண்டு விலைக்கும் நடுக்கோடு கிட்டத்தட்ட 540 வெள்ளியில் விழுகிறது. ஆகவே நண்பன் "அந்தக் கடைதான் பெஸ்ட்" என்று சொன்னால், அவன் எவ்வளவு அனுப்புகிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செயலிகளில் இன்னொரு பொறி உண்டு. முதல்முறை அனுப்புபவருக்கு மட்டும் நல்ல விலை காட்டுவார்கள். இரண்டாம் முறை அதே செயலியில் விலை சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். பழகிவிட்டோம் என்று பார்க்காமல் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டு இடமாவது ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

2. ஊர்க் கணக்கைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்

பாதிப் பிரச்சினை சிங்கப்பூரில் இல்லை, ஊரில் பாஸ்புக்கில் இருக்கிறது. அம்மாவிடம் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் எண்களைச் சொல்லி எழுதிக்கொள்வது வேண்டாம். ஒரு எண் மாறி இன்னொருவர் கணக்கில் விழுந்தால், திரும்ப எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். திருத்தக் கட்டணம், திரும்பப்பெறும் கட்டணம் என்று அதற்கும் தனியாகக் கேட்பார்கள்.

படம் வந்ததும் பார்க்க வேண்டியவை:

பெயர். நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, அது பெரிய தலைவலி. ஆதாரில் "செல்வி ராமசாமி", பாஸ்புக்கில் "ஆர். செல்வி", நீங்கள் செயலியில் போடுவது வெறும் "செல்வி". பெயர் பொருந்தவில்லை என்று பணம் நிற்கும், அல்லது திரும்பும். பாஸ்புக்கில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே போடுங்கள்.

ஐஎஃப்எஸ்சி குறியீடு. எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டுவது. 11 எழுத்துகள், முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை 'ஓ' என்று அடித்துவிட்டுத் திணறியவர்கள் எங்கள் விடுதியிலேயே உண்டு. பழைய பாஸ்புக்காக இருந்தால் குறியீடே செல்லாமல் போயிருக்கலாம். பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கியாக ஆகின. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன், ஆந்திரா வங்கிகள் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைந்தது. அம்மாவின் பாஸ்புக் இவற்றில் ஒன்றாக இருந்தால், கிளைக்கு ஒருமுறை போய்ப் புதுக் குறியீட்டைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கணக்கின் நிலை. இரண்டு ஆண்டுகளாக எந்த வரவு செலவும் இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக வைத்துவிடும். கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பைப் புதுப்பிக்காத கணக்கும் முடங்கும். முழு அடையாளச் சான்று கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் இன்னும் சிக்கல்: அதில் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது, ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் முடியாது. முழு கேஒய்சி முடியும்வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் சேர்க்கவே அனுமதியில்லை. ஆதாரும் பான் அட்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் மாற்றிக் கொடுப்பார்கள்.

அம்மா கணக்குக்கு அனுப்பாமல் உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்ப நினைத்தால், அது எந்த வகை என்று பாருங்கள். வெளிநாட்டில் வேலைக்கு வந்தபின் ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது. அதை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். ஆனால் சிங்கப்பூர்ச் சம்பளத்தைப் போட்டு வைக்க என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்குதான் ஏற்றது. என்ஆர்ஓ கணக்கு வட்டியில் 30 விழுக்காடும், அதன்மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஒரு எழுத்து மாற்றம்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை.

3. இங்கே வேண்டிய காகிதங்கள்

கடையில் நேரில் அனுப்ப: வொர்க் பெர்மிட் அல்லது எஸ் பாஸ், பாஸ்போர்ட், இங்குள்ள முகவரி, கைப்பேசி எண். செயலியில் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) வழியாகப் பதிந்தால் விவரங்கள் தானாக நிரம்பும். முதல் பதிவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சம்பளம் வந்த அன்றே பதிந்து அன்றே அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள், சரிபார்ப்பில் நின்றுவிடும்.

வழக்கத்தைவிடப் பெரிய தொகை அனுப்பும்போது சம்பளச் சீட்டு கேட்பார்கள். நான் ஒருமுறை நண்பன் கடனாகக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பப் போய், பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு நாள் காத்திருந்தேன். அடுத்தவர் பணத்தை உங்கள் பெயரில் அனுப்புவதை அடியோடு தவிர்த்துவிடுங்கள். விடுதியில் அன்பாகத்தான் கேட்பார்கள், "என் பாஸ் இன்னும் வரலைண்ணே, உங்க பேர்ல போட்டு விடுங்க" என்று. பதிவு உங்கள் பெயரில் இருக்கும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அனுப்பும் நோக்கம் என்ற கட்டத்தில் குடும்பப் பராமரிப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்திய வங்கிகளில் அதற்கான குறியீடு பி1301. ஏதோ ஒன்று என்று வியாபாரம், ஆலோசனைக் கட்டணம் என்றெல்லாம் அழுத்திவிட்டால், ஊரில் வங்கி பணத்தை நிறுத்திவைத்து ஆவணம் கேட்கும்.

அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பும் பணத்துக்கு, எவ்வளவாக இருந்தாலும், பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. சித்தப்பா, அத்தை, மாமாவும் இந்தப் பட்டியலில் உண்டு. சித்தப்பா மகனும் மாமா மகனும் இல்லை! நமக்கு அவன் தம்பி, வரிச் சட்டத்துக்கு அவன் அந்நியன். இப்படிப்பட்டவர்கள் ஓராண்டில் பெறும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அவர்கள் வருமானத்தில் சேரும். வீடு கட்டும் வேலையை மாமா மகன் பார்த்துக்கொள்கிறார், பங்காளி பார்த்துக்கொள்கிறான் என்றாலும் பணத்தை அம்மா கணக்குக்கோ உங்கள் என்ஆர்இ கணக்குக்கோ அனுப்பி, அங்கிருந்து செலவு செய்வதே நல்லது.

4. எந்த வழியில் அனுப்புவது

என் 60,000 கசிந்தது வங்கிக் கம்பிவழி மாற்றத்தில். ஸ்விஃப்ட் என்று சொல்வார்கள். இங்குள்ள வங்கிக்கும் ஊர் வங்கிக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லையென்றால், நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் கைமாற்றும். ஒவ்வொன்றும் தன் பங்கைப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆற்றில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும் கதைதான். என் பணத்தில் நடு வங்கி எடுத்தது 20 வெள்ளி, 1,200 ரூபாய். மீதி 980 வெள்ளியை ஊர் வங்கி 60க்குப் பதில் 59.10 விலையில் மாற்றியதில் 882 ரூபாய். ஜிஎஸ்டி 104 ரூபாய். இங்கே தனியாகப் போன 30 வெள்ளியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 4,000 ரூபாய், அபராதம் தனி.

ஸ்விஃப்ட் விண்ணப்பத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தேர்வுகள் இருக்கும். 'அவர்' என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு. நம் 'அவர்' இல்லை, ஆங்கிலத்தில் 'எங்களுடையது' என்று பொருள். 'ஷா' என்றால் இங்குள்ளது உங்களுக்கு, வழியிலும் அங்கேயும் உள்ளது பெறுபவருக்கு. 'பென்' என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். நான் எதையும் தொடாமல் விட்டதால் 'ஷா' தானாக விழுந்திருந்தது. குறிப்பிட்ட தொகை முழுசாகப் போய்ச் சேர வேண்டும், உதாரணமாகக் கல்லூரிக் கட்டணம் என்றால், 'அவர்' போடுங்கள். இங்கே கூடுதலாகச் செலவாகும், ஆனால் எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும்.

மாதச் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்ப ஸ்விஃப்ட் தேவையே இல்லை. தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் பணமாற்றுக் கடைகள், பணமாற்றுச் செயலிகள், சில வங்கிகளே தங்கள் செயலியில் தனியாக வைத்திருக்கும் இந்தியச் சேவை ஆகிய மூன்றில் ஒன்று போதும். இவற்றில் பெரும்பாலும் வெள்ளி இங்கேயே ரூபாயாக மாறி, ஊரில் ரூபாயாகவே கணக்கில் விழுகிறது. நடு வங்கிக்கு வேலையில்லை. சில நிமிடங்களில் போய்ச் சேர்வதும் உண்டு.

சிறிய, அவசரத் தொகைக்கு பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்று முறை)–யுபிஐ இணைப்பு இருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கினார்கள். பெறுபவரின் யுபிஐ முகவரி இருந்தால் போதும். நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை. இரு பக்கமும் எல்லா வங்கியும் இதில் இல்லை, உங்கள் வங்கிச் செயலியில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கும் நாணய விலையைப் பார்த்துவிட்டே அழுத்த வேண்டும்.

ஊரில் ரொக்கமாக வாங்கும் முறையை, கணக்கே இல்லாதவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு 2,500 அமெரிக்க டாலர் மதிப்பு வரை, ஒருவருக்கு ஓராண்டில் 30 முறை, கையில் ரொக்கமாக 50,000 ரூபாய் வரை என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. அம்மா அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிரெடிட் கார்டு வேண்டாம். ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு அதற்குக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடுவார்கள். செயலிக்குப் பணத்தை பேநவ் வழியாகக் கொடுங்கள். கொடுக்கும்போது திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். "இந்த நம்பருக்குப் போடுங்க, நல்ல ரேட் தர்றேன்" என்று தனிநபர் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

அப்புறம், உண்டியல், அதாவது ஹவாலா. விடுதியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், கடையைவிட ஐம்பது காசு கூடுதல் விலை, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று. சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் பணமாற்றுத் தொழில் செய்வது குற்றம், இந்தியாவிலும் சட்டவிரோதம். அதைவிட நடைமுறை ஆபத்து ஒன்று இருக்கிறது. உண்டியல்காரர் யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து உங்கள் அம்மா கணக்குக்குப் போடுவார். அந்தப் பணம் எங்கோ நடந்த இணைய மோசடியின் பணமாக இருந்தால், சைபர் குற்றப் பிரிவு அம்மாவின் கணக்கை முடக்கும். உங்களிடம் ரசீது இருக்காது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வெளிமாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே மாதக்கணக்கில் அலைந்தார். நிறுவனம் உரிமம் பெற்றதா என்று சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள நிதி நிறுவனங்கள் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. ஊரில் பிடிக்கும் ஜிஎஸ்டி

பணம் வெளிநாட்டு நாணயமாகவே ஊர் வங்கிக்குப் போய், அங்கே ரூபாயாக மாறினால் இது வரும். அனுப்பிய பணம் முழுவதற்கும் வரி இல்லை, பயப்பட வேண்டாம். நாணயம் மாற்றிக் கொடுத்த சேவைக்கு மட்டும். ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையின் ஒரு விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாக எடுத்து (குறைந்தது 250 ரூபாய்) அதில் 18 விழுக்காடு. ஆக, குறைந்தபட்சம் 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். சிறுகச் சிறுக அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அந்த 45 போகும். இதைத் தவிர வங்கி தன் பங்குக்கு வரவுக் கட்டணம் வைத்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள், சில வங்கிகள் வைத்திருக்கின்றன.

6. எந்த நாளில் அனுப்புவது

நமக்கு விடுமுறை ஞாயிறு. தேக்காவில் கூட்டமும் ஞாயிறுதான். ஆனால் சனி, ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை எப்படித் திறக்குமோ என்று கடைக்காரர்கள் பலர் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துவைப்பார்கள். வார நாளில் செயலியில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

இந்தியாவுக்குள் வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ், என்இஎஃப்டி இரண்டும் இப்போது எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடுகின்றன. ஆனால் ஸ்விஃப்ட்டில் போன பணத்தை வங்கி ஊழியர் பார்த்துத்தான் வரவு வைக்க வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் இந்திய வங்கிகள் திறப்பதில்லை. பொங்கல் நேரத்தில் அனுப்பினால் பொங்கல் முடிந்துதான் போய்ச் சேரும்.

தவணை பிடிக்கும் நாளுக்கு மூன்று வேலை நாள் முன்பாவது பணம் கணக்கில் இருக்கும்படி அனுப்புங்கள். ஐந்தாம் தேதி தவணை, உங்களுக்கு ஏழாம் தேதி சம்பளம் என்றால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு விண்ணப்பத்தில் முடிந்தது. தவணைக்கு மேல் 2,000 ரூபாயை அம்மா தொடாமல் எப்போதும் கணக்கில் விட்டுவைக்கிறார்.

7. குறைந்து வந்தால், வராமலே போனால்

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அனுப்பியதும் அதைப் படம் எடுத்து அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். எவ்வளவு விழ வேண்டும் என்பது அவர் கையிலும் இருக்கும்.

ஸ்விஃப்ட் என்றால், அனுப்பிய வங்கியிடம் ஸ்விஃப்ட் நகலும் யுஇடிஆர் என்ற தடமறியும் எண்ணும் கேளுங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது, யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை அந்த எண்ணை வைத்துப் பார்க்கலாம். கேட்டால்தான் கொடுப்பார்கள். "தேடிப் பார்க்க" என்று தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு, அதனால் முதலில் ஊர்க் கிளையில் கேட்டுவிட்டு, அங்கே வரவில்லை என்று உறுதியான பிறகு இங்கே எழுதிக் கொடுங்கள்.

பணம் திரும்பி வந்தால் அன்றைய விலையில் மீண்டும் வெள்ளியாக மாறித்தான் வரும். போகும்போது ஒரு விலை, வரும்போது இன்னொரு விலை. 1,000 வெள்ளி போட்டு 960 திரும்பி வந்த கதை எல்லாம் உண்டு. பெயரும் எண்ணும் சரிபார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

ஊர் வங்கி சொல்லாமல் எதையாவது பிடித்திருந்தால், அம்மா கையெழுத்தோடு கிளைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தக் கட்டணம், எந்த விதிப்படி என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் போடலாம், செலவில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் புகார்தாரர். தங்கை கைப்பேசியிலிருந்து அம்மாவுக்காக நிரப்பிக் கொடுத்தால் போதும், ஓடிபி மட்டும் அம்மாவின் எண்ணுக்கு வரும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.